முதன்முதலாக அறிவியல் பாடம் எடுக்கப் போகிறீர்களா?

பட்டம் ஒரு துறையில், பாடம் மூன்று துறையில். புதிதாக அறிவியல் ஆசிரியர் ஆகிறவர்கள் பலருடைய நிலைமை இதுதான். இயற்பியல் படித்துவிட்டு வந்தவரிடம் முதல் வாரமே இலையின் உள்ளமைப்பைக் கொடுத்துவிடுவார்கள். விலங்கியல் படித்தவர் கரும்பலகையில் வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்துகொண்டு நிற்பார். ஆசிரியர் பயிற்சியில் இதற்கெல்லாம் என்ன சொன்னார்கள் என்று யோசித்தால் சட்டென்று ஒன்றும் ஞாபகத்துக்கு வராது.

பாடத்திட்டம் எதுவானாலும் பொருந்தக்கூடிய விஷயங்களை, செய்ய வேண்டிய வரிசையில் இங்கே சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: ஆசிரியருக்கு என்ன தெரியும் என்பதைவிட, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஏற்கெனவே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் வகுப்பைத் தீர்மானிக்கிறது.

முதல் படி: உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

வருடம் தொடங்கும் முன்பே, நீங்கள் எடுக்க வேண்டிய வகுப்புகளின் பாடப்புத்தகங்களை வாங்கிப் பொருளடக்கத்தைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு பாடத்துக்குப் பக்கத்திலும் ஒரு குறி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன் என்றால் அ. ஒருமுறை புரட்டிப் பார்த்தால் போதும் என்றால் ஆ. படித்தேன், தேர்வும் எழுதினேன், ஆனால் எனக்கே சரியாகப் பிடிபட்டதில்லை என்றால் இ. இந்தத் தாளை யாரிடமும் காட்டப் போவதில்லை, அதனால் மனசாட்சிப்படி போடலாம்.

இ விழுந்த பாடங்கள்தான் ஆபத்து என்று தோன்றும். பாதிதான் உண்மை. பயத்திலேயே அவற்றுக்கு நன்றாகத் தயாராகிவிடுவீர்கள். சறுக்கல் அதிகம் நடப்பது அ பாடங்களில். பல வருடம் பழகிவிட்டதால், முதல் தடவை கேட்பவருக்கு அது எங்கே இடிக்கும் என்பதே மறந்துபோயிருக்கும். இயற்பியல்காரர் விசையையும் முடுக்கத்தையும் மளமளவென்று முடித்துவிடுவார். அவரே செல் பிரிதலை எடுத்தால் நிறுத்தி, படம் போட்டு, "இது வரைக்கும் சரியா" என்று கேட்டுக் கேட்டு நகர்வார். பிள்ளைகளிடம் விசாரித்தால் செல் பிரிதல்தான் புரிந்தது என்பார்கள்.

அப்புறம், பட்டத்துக்கு வெளியே உள்ள பின்னணியையும் கணக்கில் சேருங்கள். தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவருக்கு அளவீட்டுப் பிழை என்பது அன்றாடப் பிழைப்பு. ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வந்தவருக்கு, சோதனை முதல் தடவையே ஒழுங்காக வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று தெரியும். நேரே கல்லூரியிலிருந்து வருகிறவரிடம் இவை இருக்காது, ஆனால் தனக்குப் புரியாமல் விழித்த நாட்கள் இன்னும் மறந்திருக்காது. அதுவும் ஒரு முதல்தான். எங்கிருந்து வந்தாலும் அந்த அனுபவத்தை எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் நுழைப்பது என்று இப்போதே குறித்து வையுங்கள். குறிக்காவிட்டால் வகுப்பில் நேரம் போகாதபோது சொல்லும் பழங்கதையாக அது ஆகிவிடும்.

"வெறும் பள்ளிக்கூட வாத்தியார்தானே" என்று யாராவது சொன்னால் ஜார்ஜ் ஓமை நினைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தைப் பற்றிய தன் புகழ்பெற்ற சோதனைகளை அவர் செய்தது கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது. 1827இல் அவற்றின் முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். அன்றைய மின்கலங்கள் ஒரே சீராக நிற்காமல் படுத்தியதால், வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டு மின்சாரம் தரும் வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார். லேப்பில் மீட்டர் முள் நிலைகொள்ளாமல் ஆடுகிற அன்றைக்கு இதைச் சொன்னால் நன்றாக எடுபடும்.

இரண்டாம் படி: தெரியாத பாடத்தைத் தயாரிப்பது

கல்லூரிப் பாடநூலைத் தூக்க வேண்டாம். அது உங்களுக்கு நிம்மதி தரும், வகுப்புக்கு உதவாது. அதே பாடம் இரண்டு வகுப்பு கீழே எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது, இரண்டு வகுப்பு மேலே எங்கே போகிறது என்று பாருங்கள். கீழே பார்த்தால் பிள்ளைகள் எதோடு வருகிறார்கள் என்பது தெரியும். மேலே பார்த்தால், பின்னால் வேரோடு பிடுங்க வேண்டிய எதையும் இப்போது நட்டுவிடாமல் இருக்கலாம். எலக்ட்ரான்கள் வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று சொல்லும் ஆசிரியர், "இது ஒரு மாதிரிதான், இப்போதைக்கு இது போதும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டால் மேல்வகுப்பு ஆசிரியர் வாழ்த்துவார்.

பாடத்தின் கடைசியில் உள்ள கேள்விகளையும் கணக்குகளையும் நீங்களே கையால் போடுங்கள். விடைக்குறிப்பைப் பார்த்துத் தலையாட்டுவது தயாரிப்பு ஆகாது. பிறகு ஆளில்லாத அறையில் சத்தமாக எடுத்துப் பாருங்கள். வாக்கியம் எங்கே திக்குகிறதோ அங்கே இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். பாடம் தெரிந்திருப்பது ஒன்று, வகுப்பை நடத்தத் தெரிந்திருப்பது இன்னொன்று. இந்தப் பாடத்தை இந்த வயதுப் பிள்ளைக்கு எந்தப் படம், எந்த எடுத்துக்காட்டு கொண்டு புரியவைப்பது, எங்கே தடுமாறுவார்கள் என்பது மூன்றாவதாக ஒரு தனி அறிவு. பட்டப்படிப்பில் இது அதிகம் கிடைக்காது. பக்கத்து அறையில் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும் அனுபவசாலியிடம் கிடைக்கும். ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. "இந்தப் பாடத்தை எப்படி எடுப்பீர்கள் சார்?" என்றால் பொதுவாக ஏதோ சொல்வார். "இதில் பிள்ளைகள் வழக்கமாக எங்கே குழம்புவார்கள்?" என்று கேளுங்கள், கொட்டித் தீர்த்துவிடுவார்.

மூன்றாம் படி: பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

காலித் தலையோடு யாரும் அறிவியல் வகுப்புக்கு வருவதில்லை. பிறந்ததிலிருந்து பார்த்ததை வைத்து ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. அது தவறாக இருக்கலாம், முட்டாள்தனமாக இருக்காது. கனமான பொருள் வேகமாக விழும் என்று நினைப்பவர் இறகையும் கல்லையும் நேரில் பார்த்தவர்தான். அவரிடம் "தவறு" என்று சொல்லி எழுதிப் போட்டால், தேர்வில் உங்கள் விடையை எழுதிவிட்டு மனதுக்குள் தன்னுடையதையே வைத்துக்கொள்வார். 1971இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலவில் ஒரு சுத்தியலையும் ஒரு இறகையும் ஒன்றாக விட்டார், இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அந்தக் காணொளியைக் காட்டுவதற்கு முன்னால், இங்கே இறகை மெதுவாக்குவது எது என்று வகுப்பே காற்றைப் பிடிக்கும்வரை காத்திருங்கள். அப்போதுதான் காணொளி வேலை செய்யும்.

பருவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஏன் வெயில் அதிகம் என்று கேட்டால், "பூமி சூரியனுக்குக் கிட்டே போவதால்" என்ற பதில் வகுப்புக்கு வகுப்பு வரும். பெரியவர்களிடம் கேட்டாலும் வரும். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில். இந்த இரண்டு எண்ணையும் பலகையில் எழுதிவிட்டு, ஜனவரியில் வட அரைக்கோளத்தில் என்ன பருவம், தென் அரைக்கோளத்தில் என்ன பருவம் என்று மட்டும் கேளுங்கள். ஒரே தூரத்தில் இரண்டு பருவம் எப்படி இருக்க முடியும் என்று அவர்களே முழிப்பார்கள். 23.5 பாகை சாய்வைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். முதலிலேயே சாய்வைச் சொல்லிவிட்டால் பழையதும் புதியதும் கலந்து, "சாய்வதால் அந்தப் பக்கம் சூரியனுக்குக் கிட்டே வருகிறது" என்று ஒரு புது விளக்கம் பிறக்கும். அதைக் கழற்றுவது இன்னும் கஷ்டம்.

மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது? "மண்ணிலிருந்து" என்பார்கள். வான் ஹெல்மான்ட் என்ற அறிஞர் இதை அளந்தே பார்த்தார். 1648இல், அவர் இறந்த பிறகு, அந்தச் சோதனை வெளியானது. தொட்டியில் சுமார் 90 கிலோ உலர்ந்த மண், அதில் சுமார் 2.3 கிலோ எடையுள்ள வில்லோ கன்று. ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறத்தாழ 77 கிலோ ஆயிற்று. மண் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. அப்படியானால் எல்லாம் தண்ணீரிலிருந்துதான் வந்தது என்று முடிவு செய்தார், அது சரியில்லை. மரத்தின் உலர் எடையில் பெரும்பகுதி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்ததே இதுதான்: அளவீடு அருமை, முடிவு தப்பு. அவர் எதை அளக்காமல் விட்டார் என்று வகுப்பைக் கேட்டால் ஒளிச்சேர்க்கைப் பாடம் தானாகத் தொடங்கிவிடும்.

கண்டுபிடிப்பது எப்படி? பாடம் தொடங்கும் முந்தின நாள், வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது சின்னத் தாளில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், மதிப்பெண் கிடையாது, "ஏன் அப்படி நினைக்கிறாய்" என்பது மட்டும் கட்டாயம். தாள்களைத் திருத்தாதீர்கள், குவியலாகப் பிரியுங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு குவியல்தான் வரும். பாட்டரியிலிருந்து வரும் மின்னோட்டத்தில் கொஞ்சத்தைப் பல்பு தின்றுவிடுகிறது என்று ஒரு பெரிய குவியல் வந்தால், மறுநாள் பல்புக்கு முன்னாலும் பின்னாலும் அம்மீட்டரை வைத்துக் காட்டினால் பாதி வேலை முடிந்தது. குவியலைப் பார்க்காமல் போனால் ஓம் விதியில் தொடங்குவீர்கள், அவர்கள் அங்கே இல்லை.

நான்காம் படி: முதலில் கணிப்பு, அப்புறம் சோதனை

ஆசிரியர் மேசையில் நடக்கும் சோதனை பலநேரம் வேடிக்கையாகவே முடிந்துபோகிறது. நிறம் மாறுகிறது, சத்தம் வருகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள், மறுவாரம் கேட்டால் கைதட்டியதுதான் ஞாபகம் இருக்கிறது. இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. தீக்குச்சியைக் கிழிக்கும் முன்பே, என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதியாக வேண்டும். எழுதிவிட்ட பிறகு அது அவருடைய பந்தயம். இப்போது கவனித்தே தீருவார்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு சோதனையையே பார்ப்போம். தட்டில் நீர், நடுவே எரியும் மெழுகுவர்த்தி, மேலே ஒரு கண்ணாடிக் குவளையைக் கவிழ்க்கிறோம். சுடர் அணைகிறது, உள்ளே நீர் ஏறுகிறது. பல வகுப்புகளில் சொல்லப்படும் விளக்கம்: ஆக்சிஜன் தீர்ந்தது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அந்த இடத்தை நீர் நிரப்பியது. கேட்க ஒழுங்காக இருக்கிறது. பாடம் எடுப்பவரே நம்பிவிடுவார்.

இப்போது ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்றை வைத்து, அதே குவளையைக் கவிழ்த்தால் நீர் எவ்வளவு ஏறும் என்று கணிக்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் விளக்கம் சரியென்றால் அதே உயரம்தான் ஏற வேண்டும், குவளைக்குள் இருக்கும் ஆக்சிஜன் அதேதானே. செய்து பாருங்கள், மூன்றுக்கு அதிகம் ஏறும். கவிழ்க்கும்போது குவளையின் விளிம்பில் குமிழிகள் வெளியேறுவதையும், சுடர் அணைந்த பிறகுதான் நீர் வேகமாக ஏறுவதையும் யாராவது கவனித்திருப்பார்கள். சூடான காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போய்விட்டது, அணைந்தபின் மிச்சம் குளிர்ந்து சுருங்கியது, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளியது. நீர் ஏறியதில் பெரும்பங்கு இதனுடையது. ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே மெழுகுவர்த்தி அணைந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ஒரு பாடவேளைக்குள் ஒரு கருதுகோள் எழுந்து, சோதிக்கப்பட்டு, விழுவதைப் பிள்ளைகள் நேரில் பார்த்துவிட்டார்கள். அறிவியல் முறை என்ற தலைப்பில் தனியாக ஒரு பாடம் நடத்துவதைவிட இது மேல் என்பது என் அபிப்பிராயம்.

பெரிய உபகரணங்கள் இல்லையே என்று கவலைப்படுபவர்களுக்காக: மைக்கேல் ஃபாரடே, புத்தகம் கட்டும் கடையில் பயிற்சியாளராக வாழ்க்கையைத் தொடங்கியவர், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றியே ஆறு விரிவுரைகள் நடத்தினார்.

ஐந்தாம் படி: கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்

சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றுவார்கள், வேறு ஆளைக் கேட்பார்கள், அல்லது தாங்களே சொல்லிவிடுவார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பதில் வந்த பிறகும் அதே மாதிரி நிறுத்த வேண்டும். "சரி, வெரி குட்" என்று உடனே சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். முகத்தில் எந்தக் குறியும் காட்டாமல் "வேறு யாராவது?" என்று கேட்கப் பழகுங்கள். முதல் வாரம் அந்த மௌனம் உங்களைக் கொல்லும். மனதுக்குள் எண்ணிக்கொண்டு நில்லுங்கள்.

பெரிய வகுப்பு என்றால் ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் பயன்படுத்தத் தொடங்கிய முறை உதவும். நான்கு விடைகளோடு ஒரு கருத்துக் கேள்வி, கணக்கு போட வேண்டிய கேள்வி அல்ல. எல்லோரும் தனியாக யோசித்து விரல் காட்ட வேண்டும். கால்வாசிப் பேர்தான் சரியென்றால் மறுபடி நடத்துங்கள். கிட்டத்தட்ட எல்லோரும் சரியென்றால் சின்ன விளக்கத்தோடு நகருங்கள். பாதிக்குப் பாதி பிரிந்தால்தான் விருந்து: பக்கத்தில் இருப்பவரை ஒப்புக்கொள்ள வைக்கச் சொல்லி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள், பிறகு மறுபடி விரல். பெரும்பாலும் சரியான பக்கம் கூட்டம் சேரும். இப்போதுதான் புரிந்துகொண்ட ஒருவருக்கு, இன்னும் புரியாதவரின் சிக்கல் உங்களைவிட நன்றாகத் தெரியும்.

வேதியியல் எடுப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன், வேதியியல் ஏன் கடினமாக இருக்கிறது என்பதற்குச் சொன்ன காரணத்தைப் பாடக்குறிப்பு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கலாம். வேதியியல் மூன்று தளங்களில் நடக்கிறது. கண்ணால் பார்ப்பது ஒன்று: மெக்னீசியம் நாடா வெள்ளை வெளிச்சத்தோடு எரிந்து வெண்பொடி ஆகிறது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இன்னொன்று: அணுக்கள் எலக்ட்ரான்களைக் கொடுத்து வாங்குகின்றன. மூன்றாவது, பலகையில் நாம் எழுதும் குறியீடும் சமன்பாடும். பழகியவர்கள் ஒரே வாக்கியத்தில் இந்த மூன்றுக்கும் தாவிவிட்டுத் திரும்புவார்கள். தாவியதே அவர்களுக்குத் தெரியாது. பின்னால் வரும் பிள்ளை ஏதாவது ஒரு தளத்தில் தொலைந்துபோகும்.

அதனால் புதிய பாடத்தில் ஒரு நேரத்தில் ஒரு தளம். முதலில் எரித்துக் காட்டுங்கள் (சுடரை நேரே உற்றுப் பார்க்க விடாதீர்கள், அந்த வெளிச்சம் கண்ணுக்குக் கேடு). பார்த்ததை எழுதட்டும். பிறகு துகள்களைப் படமாக வரையட்டும். சமன்பாடு கடைசியில், அந்தப் படத்தைச் சுருக்கி எழுதும் வழியாக வரட்டும். இப்படி வந்த பிள்ளைக்குச் சமன்செய்தல் என்பது எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் விளையாட்டாகத் தெரியாது. இடப்பக்கம் வரைந்த அணுக்கள் வலப்பக்கமும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கும்.

ஆறாம் படி: லேப்

பாடப்புத்தகத்தில் எளிது என்று போட்டிருக்கும் செய்முறையைக்கூட, பிள்ளைகள் பயன்படுத்தப்போகும் அதே பொருட்களோடு முந்தின நாள் நீங்களே ஒருமுறை செய்யுங்கள். பாட்டரி தீர்ந்திருக்கும், பல்பு போயிருக்கும், அயோடின் வெளிறியிருக்கும், நுண்ணோக்கியின் கண்ணாடி காணாமல் போயிருக்கும். இலையில் ஸ்டார்ச் சோதனை என்றால் செடியை இரண்டு நாள் முன்பே இருட்டில் வைக்க வேண்டும். அது காலையில் ஞாபகம் வந்தால் பயனில்லை.

அதே சோதனையில்தான் புதியவர்கள் கவனிக்க வேண்டிய ஆபத்தும் இருக்கிறது. இலையின் பச்சையத்தை எடுக்க ஆல்கஹாலில் கொதிக்க வைப்போம். எத்தனால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். நேரடிச் சுடரில் வைக்கவே கூடாது. முகவையில் நீரைக் கொதிக்க வைத்து, சுடரை அணைத்துவிட்டு, ஆல்கஹால் உள்ள சோதனைக் குழாயை அந்த வெந்நீருக்குள் இறக்குங்கள்.

அமிலத்தை நீர்க்க வைக்கும்போது அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அடர் கந்தக அமிலத்தில் நீரை ஊற்றினால் வெப்பத்தில் கொதித்துத் தெறிக்கும். அடர் அமிலத்தை மாணவர் கையில் கொடுக்கவே தேவையில்லை. பாதுகாப்புக் கண்ணாடியை நீங்கள் போட்டால்தான் அவர்கள் போடுவார்கள்.

பார்வைக்காகச் செய்யும் சில சோதனைகளை அடியோடு விட்டுவிடலாம். மெத்தனாலை ஊற்றிப் பற்றவைத்து உப்புகளின் சுடர் நிறங்களைக் காட்டும் சோதனையில், பாட்டிலிலிருந்து மீண்டும் ஊற்றும்போது தீ பாய்ந்து மாணவர்கள் கடுமையான தீக்காயம் அடைந்த சம்பவங்கள் பல. உப்புக் கரைசலில் ஊறவைத்த மரக்குச்சியைச் சுடரில் காட்டினாலே அதே நிறம் வரும். அம்மோனியம் டைகுரோமேட்டை எரித்து எரிமலை காட்டுவதும் அப்படித்தான், அதிலுள்ள குரோமியம் சேர்மம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ரத்தவகை பார்க்க ஒரே ஊசியைப் பலருக்குக் குத்துவது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குழுவுக்கு மூன்று பேர் போதும். ஐந்து பேர் என்றால் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள், அந்த இருவர் எப்போதும் அதே இருவராக இருப்பார்கள். செய்பவர், அளப்பவர், எழுதுபவர் என்று பிரித்து அடுத்த வகுப்பில் மாற்றிவிடுங்கள். நுண்ணோக்கி என்றால் குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்கச் சொல்லுங்கள். முதல் தடவை பார்ப்பவர்கள் கறுத்த விளிம்போடு வட்டமாகத் தெரியும் காற்றுக் குமிழியைச் செல் என்று அழகாக வரைந்து கொண்டுவருவார்கள். குமிழியை மட்டும் வேண்டுமென்றே ஒரு வில்லையில் வைத்து, முதலிலேயே காட்டிவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

எதிர்பார்த்த விடை வராத குழுவைப் பக்கத்துக் குழுவைப் பார்த்து எழுத விடாதீர்கள். அவர்கள் அளந்ததையே எழுதி, ஏன் விலகியது என்று இரண்டு வரி எழுதினால் முழு மதிப்பெண் என்று வருடத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். அறிவித்ததைக் கடைப்பிடிக்கவும் வேண்டும்.

ஏழாம் படி: நேரம், போர்ஷன், தெரியாத கேள்வி

இவ்வளவும் செய்தால் போர்ஷன் முடியுமா என்று கேட்பீர்கள். எல்லாப் பாடத்துக்கும் செய்தால் முடியாது. ஒரு பருவத்தில் இரண்டு மூன்று பாடங்களைத் தேர்ந்தெடுத்து விரிவாகச் செய்யுங்கள். பின்னால் வரும் பல பாடங்களுக்கு அடித்தளமாக இருப்பவை முன்னுரிமை பெறட்டும்: துகள் கொள்கை, விசை, மின்சுற்று, செல், ஒளிச்சேர்க்கை. உலோகங்களின் பயன்கள் மாதிரியானவற்றைப் பிள்ளைகளே படித்துக்கொள்வார்கள்.

தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லிவிடலாம், அதில் மரியாதை ஒன்றும் போகாது. ஆனால் பலகையின் ஓரத்தில் கேள்வியை எழுதி, அடுத்த வகுப்பில் விடையோடு வர வேண்டும். "நல்ல கேள்வி, வீட்டில் பார்த்து வா" என்று தள்ளிவிட்டால் அடுத்த முறை அந்தப் பிள்ளை கேட்காது.

எட்டாம் படி: உங்கள் கற்பித்தல் முறையை எழுதி வைப்பது

நேர்முகத் தேர்வில் "உங்கள் கற்பித்தல் முறை என்ன?" என்று கேட்பார்கள். பள்ளி மலரிலோ பெற்றோர் கூட்டத்திலோ உங்களைப் பற்றி ஒரு பத்தி கேட்பார்கள். "மாணவரை மையமாகக் கொண்ட, செயல்வழிக் கற்றலில் நம்பிக்கை உள்ளவர்" என்று எழுதினால் அதில் நீங்கள் இல்லை, யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.

இப்படி எழுதிப் பாருங்கள். எங்கிருந்து வந்தீர்கள், அந்தப் பின்னணி வகுப்பில் எந்த இடத்தில் பயன்படுகிறது என்று இரண்டு வாக்கியம். ஏதாவது ஒரு பாடத்தைச் சொல்லி, அதில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள், அதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று நான்கு வாக்கியம். பட்டியல் வேண்டாம், ஒரே பாடம் போதும். இதை எழுத முடிய வேண்டுமென்றால் ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் பாடக்குறிப்பு நோட்டின் ஓரத்தில் ஒரு வரி கிறுக்கியிருக்க வேண்டும்: என்ன கேள்வி எடுபட்டது, எங்கே எல்லோரும் முழித்தார்கள். அந்த ஒரு வரிதான் அடுத்த வருடம் அதே பாடத்தைத் தயாரிக்கும் நேரத்தையும் பாதியாகக் குறைக்கும்.

மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னால் கொடுத்த நேரத்தில் முழுப் பாடத்தையும் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு கேள்வி, ஒரு கணிப்பு, ஒரு சின்னச் சோதனை போதும். சோதனைக்கு வேண்டிய பொருட்களை நீங்களே பையில் எடுத்துப் போங்கள், அங்கே கேட்டால் தருவார்கள் என்று நம்பிப் போக வேண்டாம். தீப்பெட்டி உட்பட.